ஊசியை நிறுத்தச் சொன்னது யார்?

கத்திரி வெயில் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், குடியாத்தத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூருக்கு வந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி, மூச்சு இரைத்தது, வாயில் பழவாடை. சூட்டினால் வந்த வாந்தி என்று வழியில் யாரோ மருந்து கொடுத்திருந்தார்கள். இன்சுலின் எப்போது போட்டீர்கள் என்று கேட்டதும் பாட்டி தலைகுனிந்தார். "நிறுத்திப் பத்து நாள் ஆவுது டாக்டர். சுகர் போயிடுச்சின்னு சொன்னாங்க."

சொன்னது யார் என்ற கேள்விக்கு இதுவரை எந்தக் குடும்பமும் எனக்குத் தெளிவான பதில் சொன்னதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்து அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டாள். இவ்வாண்டில் இதே காரணத்துக்காக நான் பார்த்த மூன்றாவது குழந்தை அவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவில் உடலே தன் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததன்று. தாய் கர்ப்பத்தில் மாம்பழம் சாப்பிட்டதால் வந்ததுமன்று. இதற்குமேல் அதை விளக்கப் போவதில்லை. நான் விளக்க விரும்புவது வேறொன்று.

ஊசி தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியிருக்கும் கொஞ்சம் செல்கள் ஓய்வு கிடைத்ததும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அப்போது இன்சுலினின் தேவை மளமளவென்று குறையும். சில குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று யூனிட்டே போதுமானதாக இருக்கும். எங்கள் துறையில் இதற்குத் தேனிலவுக் காலம் என்று பெயர். (பெயர் வைத்தவர் அது முடிந்த பிறகு ஒரு தாயின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.) சில வாரங்களோ சில மாதங்களோ நீடித்து, அது கட்டாயம் முடிந்துவிடும். சரியாக இந்தச் சமயத்தில்தான் உறவினர் ஒருவர் கஷாயமோ பொடியோ கொண்டுவந்து கொடுக்கிறார், சர்க்கரை குறைகிறது, பெருமை முழுவதும் பொடிக்குப் போகிறது. பொடி கொடுக்காத குழந்தைக்கும் அதே மாதத்தில் அதே அளவுக்குக் குறைந்திருக்கும் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும், கண்ணால் கண்டதை மறுக்கும் மருத்துவராகவே என்னைப் பார்க்கிறார்கள். குறைந்தால் அளவைக் குறைப்போம். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். நிறுத்துவது என்ற ஒன்று இந்த நோயில் கிடையாது. 'ஊசி பழகிவிட்டால் விட முடியாது' என்கிறார்கள். சோறு பழகிவிட்டது என்று யாராவது சோற்றை நிறுத்துகிறார்களா? 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டு மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதைத் தவிர உலகில் எவருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை.

இருந்தாலும் அந்தப் பாட்டியின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சிறுமியின் தாய் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். காலை ஊசி பாட்டியின் கையில். ஆனால் மருத்துவமனையில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது தாய்க்கு மட்டும்; அது எங்கள் தவறு. உங்கள் வீட்டில் காலையில் ஊசி போடுபவர் யாரோ, அவரைத் தயவுசெய்து அடுத்த முறை உடன் அழைத்து வாருங்கள்.

சிரிஞ்சைக் கவனியுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் பத்து யூனிட் கோட்டில் நான்கு யூனிட்டோ இருபத்தைந்து யூனிட்டோ போய்விடும். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராதீர்கள். வேலூர் வெயிலில் குப்பியை ஜன்னலோரம் வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். பிரிட்ஜ் இல்லையென்றால் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் புகாத டப்பாவில் வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் பனி உறையும் பகுதியில் வைக்காதீர்கள். உறைந்த மருந்தைத் தூக்கி எறியத்தான் வேண்டும். திறந்த குப்பி நான்கு வாரத்துக்குமேல் வேண்டாம்.

காய்ச்சல் வந்து குழந்தை சாப்பிடவில்லை என்றாலும் ஊசியை நிறுத்தாதீர்கள். அளவைத் தொலைபேசியில் கேளுங்கள். வாந்தி நிற்காவிட்டால் உடனே கிளம்புங்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

ஆடிக்கூழுக்கும் கணக்கு உண்டு. கேழ்வரகு என்பதால் சர்க்கரை ஏறாது என்று எண்ண வேண்டாம். ஆனால் திருவிழாவில் எல்லாரும் தின்னும்போது இந்தக் குழந்தையை மட்டும் உள்ளறையில் உட்காரவைக்காதீர்கள். என்ன சாப்பிடப் போகிறாள் என்று முன்கூட்டியே கேட்டால் அதற்கேற்ற அளவை நாங்கள் சொல்லிவிடுவோம். வகுப்பில் பாடம் நடக்கும்போது பிஸ்கட் எடுத்தாலும் சிறுநீர் கழிக்க எழுந்தாலும் இவளைத் தடுக்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியருக்குக் கடிதம் வேண்டுமானால் கேளுங்கள், உடனே எழுதித் தருகிறேன். அந்தச் சிறுமிக்கும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பாட்டியே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.