1969 கமாரோ இசட் 28-ஆ, பாஸ் 302-ஆ? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய அமெரிக்க மசில் கார்களை (பெரிய எஞ்சின் போட்ட வேகமான கார்கள்) வாங்குபவர் சார்பில் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். ஷெவர்லே கமாரோ இசட் 28, ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302 இரண்டில் எது என்று கேட்பவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகப் பிறந்தவை. இரண்டிலும் 302 கன அங்குல வி8, கம்பெனி சொன்ன சக்தி 290 குதிரைத்திறன், நாலு கியர் மேனுவல் மட்டும். 1969-இல் பட்டம் ஷெவர்லேவுக்கு, 1970-இல் ஃபோர்டுக்கு. சரி, அது பந்தயக் கணக்கு.

பணம் போவது வேறு இடத்தில். வண்டி அசல்தானா?

பாஸ் 302-இல் வின் எண்ணே, அதாவது வண்டிக்கு ஆலை தரும் அடையாள எண்ணே, பேசும். அதன் ஐந்தாவது எழுத்து 'ஜி' என்றால் அந்த உடல் பாஸாகவே ஆலையை விட்டு வந்தது. ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து எடுக்கும் மார்ட்டி அறிக்கையும் கட்டணம் கட்டினால் கிடைக்கும். 1969-இல் வந்தவை 1,628 மட்டுமே என்பதால் இந்த வசதி பெரிய பாதுகாப்பு.

கமாரோவில் அப்படி இல்லை. 124379 என்று தொடங்கும் எண், 1969 வி8 கூபே என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாது. சாதாரண 307 எஞ்சினோடு வந்த வண்டிக்கும் அதே தொடக்கம்தான். பட்டையும் பேட்ஜும் ஒட்டி இசட் 28 ஆக்கிவிடுகிறார்கள். ஆகவே வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள எஞ்சின் பேடை (எண்கள் பொறித்த தட்டையான பரப்பு) பார்க்காமல் நான் கருத்தே சொல்வதில்லை. எஞ்சின் குறியீடு 'டி-இசட்' என்று முடிய வேண்டும். பிளாக்கில் பொறித்த சுருக்க எண் வண்டியின் வின்னோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் பூட்டிய தேதி வண்டி தயாரான தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பேடில் ஆலை விட்ட மெல்லிய இணைக்கோடுகள் இல்லாமல் மழமழவென்று இருந்தால், யாரோ தேய்த்துவிட்டு மறுபடி பொறித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நார்வுட் ஆலையின் வண்டிகளில் 1968 டிசம்பர் முதல் டிரிம் டேகில் (உடலில் பதித்த விவரத் தகடு) இசட் 28-ஐக் குறிக்கும் எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் ஆலை இந்தக் குறியீட்டைப் போடவே இல்லை. அது இல்லை என்பதற்காக அந்த வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். அப்புறம், டேக்கையே போலியாகச் செய்து விற்பவர்களும் உண்டு.

பாஸிலும் 'ஜி' என்பது உடலுக்குச் சான்று, எஞ்சினுக்கு அல்ல. பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட் விரிசல் விட்டதால் எஞ்சின் மாறிய வண்டிகள் பல. ஃபெண்டருக்கு அடியில் ஏப்ரன் என்ற உள்தகட்டில் பொறித்த வின் எண்ணைச் சுற்றிப் புது வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் ஷாக் டவரிலும், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள கவ்லிலும் துரு தேடுங்கள்.

முதல்முறை வாங்குபவருக்கு நான் பாஸையே சொல்வேன். ஆதாரம் இல்லாத இசட் 28-க்கு சாதாரண வி8 கமாரோவின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். முன்பணத்துக்கு முன், பேடைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.