புயல் நேரத்தில் வானொலிச் செய்தியை எப்படிக் கேட்பது?

வானொலிச் செய்தி என்றதும் வாசிப்பவரின் குரல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவர் கைக்குத் தாள் போவதற்கு முன்னால் மாவட்டத்தில் ஒருவர் அலைந்து விவரம் சேர்த்திருப்பார். ஆகாசவாணிக்கு மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் என்னைப் போன்ற பகுதிநேரச் செய்தியாளர்கள்தான். ஒப்பந்தப் பணி, நிரந்தர வேலை கிடையாது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதியும் இல்லை. இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட சமயத்தில் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர்தான் கைகொடுக்கும்.

பத்திரிகையைத் திரும்பப் படிக்கலாம். வானொலியில் ஒருமுறை காதில் விழுவதோடு சரி. அதனால் ஊர்ப் பெயரோடு வட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். ‘கரையைக் கடக்கத் தொடங்கியது’ என்பதும் ‘கடந்துவிட்டது’ என்பதும் வேறு வேறு. தயவுசெய்து இதைக் கவனித்துக் கேளுங்கள். புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும். ஓடு பறந்ததா, மாடு என்ன ஆனது என்று பார்க்க ஜனங்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் காற்று அடிக்கும். உயிர் போவது இங்கேதான். கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.

இறந்தவர் எண்ணிக்கையை நாங்கள் தாமதமாகச் சொல்வதாகக் கோபப்படுகிறார்கள். ஆட்சியர் அலுவலகம் உறுதி செய்யாத எண்ணை நான் அனுப்புவதில்லை. 2004 சுனாமிக்குப் பின் டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வரலாம் என்று அரசுத் தரப்பிலிருந்தே எச்சரிக்கை வந்தது. நாகை கடற்கரையில் நிவாரணப் பணியை விட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். அலை வரவில்லை. ‘வானொலியில் சொன்னார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவையும் அடுத்த செய்தியறிக்கையில் கேட்டு உறுதி செய்யாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு சின்ன டிரான்சிஸ்டரும் மாற்று பேட்டரியும் வாங்கி வையுங்கள். செல்போனில் பண்பலை கேட்பவர்கள் வயர் உள்ள இயர்போனையும் எடுத்து வைக்கவேண்டும். பெரும்பாலான போன்களில் அதுதான் ஏரியல்.