தூதர்கள் எங்கே? கிரேக்க நாடகத்தில் குறி பார்க்கும் காட்சிகள்

யூரிப்பிடிஸின் ‘எலெக்ட்ரா’வில், அப்பாவைக் கொன்ற ஏகிஸ்தஸைப் பழிவாங்கத் தம்பி ஓரெஸ்டிஸ் போயிருக்கிறான். தூரத்தில் ஓர் அலறல். எலெக்ட்ரா பதறிப்போகிறாள்: நாம் தோற்றுவிட்டோம், இல்லையென்றால் தூதர்கள் எங்கே? வருவார்கள் என்கிறது கோரஸ், அதாவது மேடையில் பாடி ஆடும் குழு. உடனே ஒரு தூதன் வந்து நிற்கிறான்!

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கொலை பெரும்பாலும் மேடைக்குப் பின்னால்தான் நடக்கும். தூதன் வந்து விவரிப்பான். ஏதென்ஸ் ரசிகர்களுக்கு இது பழகிப்போன வழக்கம். அது எலெக்ட்ராவுக்கும் தெரிந்திருப்பதுபோல எழுதியது யூரிப்பிடிஸின் குறும்பு.

தூதன் சொல்வதும் ஒரு குறி பார்த்த கதைதான். ஏகிஸ்தஸ் காளையைப் பலியிட்டு அதன் ஈரலைக் கையில் எடுக்கிறான். ஈரலின் மடல், அதில் நுழையும் ரத்தக்குழாய், பித்தப்பை ஆகியவற்றின் தோற்றத்தை வைத்துப் பலன் சொல்வது கிரேக்கர் வழக்கம். இங்கே மடலையே காணோம். அவன் முகம் சுருங்குகிறது. வெளியிலிருந்து ஏதோ சூழ்ச்சி வருகிறது என்று பக்கத்தில் நிற்கும் வழிப்போக்கனிடம் சொல்லிவிட்டு, குனிந்து குடலை ஆராய்கிறான். வழிப்போக்கனாக நடிக்கும் ஓரெஸ்டிஸ் அவன் முதுகெலும்பில் வெட்டுகிறான்.

ஏகிஸ்தஸ் ஈரலைச் சரியாகவே படித்தான், ஆளைத்தான் கோட்டைவிட்டான். ரசிகர்கள் நிலை நேர்மாறு: ஈரலைப் பார்க்கவில்லை, ஆனால் ஆள் யாரென்று தெரியும். அந்த இடைவெளியில்தான் காட்சியின் பதற்றம் பிறக்கிறது.

சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. குறிசொல்லும் டைரீசியாஸ் பார்வையற்றவர். பறவைகள் ஒன்றையொன்று கிழிக்கும் ஓசையைக் காதால் கேட்கிறார். பலித்தீ பற்றாமல் கொழுப்பு உருகி வழிந்ததைக் கூட வந்த சிறுவன் சொல்லித்தான் அறிகிறார். அதை அரசன் கிரியோனிடம் சொல்கிறார். தூதன் சொல்லக் கேட்கும் ரசிகர்களும் ஏறக்குறைய அவர் நிலையில்தான் இருக்கிறார்கள். கிரியோன் நம்பாமல், பணத்துக்காகப் பேசுவதாகப் பழிசொல்கிறான். குறியை மறுக்க ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் நாடகமே நகராது.

இவற்றையெல்லாம்விடத் துணிச்சலான இடம் சோஃபோக்ளிஸின் ‘ஓடிபஸ்’ நாடகத்தில் வருகிறது. அருள்வாக்கு பொய்த்தது என்று அரசி யொகாஸ்டா சொன்ன பிறகு கோரஸ் கேட்கிறது: அநியாயம் செய்தவர்களுக்கு மதிப்பு கிடைக்கும் என்றால், நான் ஏன் ஆட வேண்டும்? கதைப்படி அவர்கள் தீப்ஸ் நகரப் பெரியவர்கள். ஆனால் கேட்கும்போது முகமூடி அணிந்து உண்மையாகவே ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஏதென்ஸ் குடிமக்கள். ஆடுவதோ டயோனிசஸ் கடவுளின் திருவிழாவில்.