"நடராஜர், உலோகம், 1" என்று எழுதினால் போதுமா?

கோயில் திருமேனிகளைப் பதிவு செய்வதும் பராமரிப்பதும் என் தொழில். பழைய சொத்துப் பதிவேடுகளைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படும் வரி, "நடராஜர், உலோகம், 1". சில ஊர்களில் கொஞ்சம் அக்கறையாக "நான்கு கை, இடது கால் தூக்கியது" என்று சேர்த்திருப்பார்கள். நாளைக்கே அந்தத் திருமேனி காணாமல் போனால் இதை வைத்துக்கொண்டு போலீஸ் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் இருக்கும் முக்கால்வாசி ஆடவல்லானும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுவார்.

எல்லா நடராஜருக்கும் பொருந்துவது எது, உங்கள் ஊர் நடராஜருக்கு மட்டும் உரியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பொதுவானது பலருக்கும் தெரிந்ததுதான். பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கை அபயம். முன் இடக்கை துதிக்கை மாதிரி மார்பைக் கடந்து வந்து, தூக்கிய பாதத்தைக் காட்டும். ஊன்றிய வலக்காலின் கீழே முயலகன். உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல் இதில் ஐந்தொழிலையும் காண்கிறது: உடுக்கை படைத்தல், அபயம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். நடன நிகழ்ச்சி அறிவிப்புகளில் "அழிவின் தாண்டவம்" என்று முழங்குகிறார்கள். அழித்தல் ஐந்தில் ஒன்று, அதற்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு கை. கண் கடைசியில் போய் நிற்க வேண்டிய இடம் அப்பர் பாடிய அந்த எடுத்த பொற்பாதம்தான். முன் இடக்கையே அங்கேதானே வழி காட்டுகிறது!

இந்தக் கோலம்தான் ஆனந்த தாண்டவம். ஆனால் ஆடுவதெல்லாம் ஆனந்த தாண்டவம் இல்லை. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவரங்குளம் நடராஜர் இரண்டு முழங்காலையும் மடக்கிச் சதுர தாண்டவம் ஆடுகிறார். மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி, வலக்கால் மேலே. திருவாலங்காட்டில் காளியோடு நடந்த போட்டி. அங்கே கால் தலைக்கு மேல் போய்விடும். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் நாட்டிய நிலைகளான 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கி, மீதி 27 கற்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆக, பதிவேட்டில் முதலில் எழுத வேண்டியது எந்தத் தாண்டவம் என்பது.

ஆடும் குழந்தைத் திருமேனி என்றால் குழப்பம் இன்னும் அதிகம். சுட்டுவிரல் மேலே காட்டினால் பெரும்பாலும் சம்பந்தர். காலடியில் பாம்பும், ஒரு கையில் அதன் வாலும் இருந்தால் காளிங்க நர்த்தனக் கண்ணன். இரண்டையும் "ஆடும் குழந்தை" என்றே எழுதி வைத்த பதிவேடுகள் உண்டு.

இனி தனி அடையாளம். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். திருமேனியை வெளியே எடுக்க அந்த மண் கருவை உடைத்தாக வேண்டும். அதே கருவில் இன்னொன்று வார்க்கவே முடியாது. அதனால் ஒரே ஸ்தபதி செய்தாலும் இரண்டு திருமேனிகள் அச்சு அசலாக இருக்காது. விரிசடை எத்தனை, அதில் கங்கை எந்தப் பக்கம், தீ அகலில் இருக்கிறதா உள்ளங்கையிலேயே எரிகிறதா, முயலகன் முகம் எங்கே திரும்பியிருக்கிறது, இடைக்கச்சின் நுனி எப்படிப் பறக்கிறது, சுற்றி நிற்கும் வளைவான திருவாசியில் எத்தனை சுடர் என்று எண்ணுங்கள். அழகைவிடக் குறைகளை இன்னும் கவனமாகக் குறித்து வையுங்கள்: உடைந்த விரல், வார்ப்பில் விழுந்த குழி, பழைய ஒட்டு. நகல் செய்பவன் முகத்தைப் பார்த்துச் செய்வான், முதுகில் இருக்கும் குழி வரைக்கும் போக மாட்டான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தனில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. திருட்டு நடந்ததே ஊருக்கு வெகுநாள் தெரியாது. 2014-ல் அவர் திரும்பி வந்ததற்கு முக்கியமான சான்று, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

சிவபுரம் கதை வேறு மாதிரி. 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் பழுது பார்க்கப் போனார், திரும்பி வந்தது நகல். ஊரே அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அசல் தனியார் கையில் இருக்கிறது என்று 1965-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்கா வரை போன அந்தத் திருமேனி ஊர் திரும்ப 1986 ஆயிற்று. அனுப்பும் முன் நாலு படம் எடுத்து வைத்து, வந்ததும் ஒப்பிட்டிருந்தால்?

படம் எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, தெரியும். "சார், வஸ்திரம் இல்லாம சாமியப் படம் எடுக்கறது சரியா?" என்று குருக்கள் கேட்பார். நியாயமான கேள்வி. நான் சொல்வது, "ஐயா, அபிஷேகம் முடிஞ்சு ஈரம் துடைச்சதும் ரெண்டு நிமிஷம் மட்டும் குடுங்க." நடராஜருக்கு ஆண்டுக்கு 6 அபிஷேகம்தான்: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, அப்புறம் ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசி. இதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு முன், பின், இரு பக்கம், பீடம் என்று எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். திருவாசி தனி வார்ப்பாக இருந்தால் அதைத் தனியாகவும் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு அறைகளில் கிடக்கும் கோயில்களைப் பார்த்திருக்கிறேன்.

படம் எடுக்கிறோம் என்று பளபளப்பாக்கக் கிளம்பிவிட வேண்டாம். புளி, எலுமிச்சை, செங்கல் தூள், கடைப் பாலிஷ் எதுவும் பழைய திருமேனிக்கு ஆகாது. மேலே படிந்த பழுப்பும் பச்சையும் கலந்த படலம் அழுக்கு அல்ல, உலோகத்தைக் காப்பதே பெரும்பாலும் அதுதான். வெளிர்பச்சையாகத் தூள் உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது உப்பு உள்ளே புகுந்து அரிப்பதன் அறிகுறி. அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட வேண்டிய நேரம்.

திருப்பணிக்கோ வீட்டுக்கோ தோண்டும்போது திருமேனி கிடைத்தாலும் கழுவக் கூடாது. அது எங்கே புதைந்திருந்தது என்பதற்கு ஒட்டியிருக்கும் மண்ணே சாட்சி. பத்தூரில் 1976-ல் தோண்டும்போது கிடைத்த நடராஜரைச் சத்தமில்லாமல் விற்றார்கள். அது லண்டன் வரை போய், அந்த ஊர்க் கோயில் அங்குள்ள நீதிமன்றத்தில் வாதியாக நின்று வழக்காடி, 1991-ல்தான் மீட்க முடிந்தது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கிடைத்த இடத்தையும் திருமேனியையும் மண்ணோடு படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே தாசில்தாருக்குச் சொல்லிவிடுங்கள்.