நாவல் திட்டத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள்?

படைப்பெழுத்து படிக்கும் மாணவர்கள் சிறார்களுக்கான தங்கள் முதல் நாவலின் திட்டத்தைக் கொண்டுவந்து தரும்போது நான் கதையை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பென்சிலை எடுத்து, கதாநாயகி செய்யும் காரியங்களை மட்டும் கோடிட்டுக்கொண்டே போவேன். ‘அழைத்துச் செல்லப்படுகிறாள்’, ‘தாத்தா சொல்லித் தெரிந்துகொள்கிறாள்’, ‘காப்பாற்றப்படுகிறாள்’ என்றே கடைசி அத்தியாயம்வரை ஓடினால், வேலையெல்லாம் பெரியவர்கள் பார்க்கிறார்கள், பிள்ளை சும்மா கூடவே நடந்து வருகிறாள் என்று பொருள். ‘பொய் சொல்கிறாள்’, ‘சாவியை எடுத்து ஒளித்துவைக்கிறாள்’, ‘போகாதே என்ற இடத்துக்குத் தனியாகப் போகிறாள்’ என்று வந்தால் எனக்கு நிம்மதி. அங்கே ஒரு நாவல் இருக்கிறது.

பல திட்டங்களில் மாய உலகத்தின் வரலாறு, ராஜ வம்சம், பழைய சாபம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது ஒரு வரிகூட இருக்காது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நேராக, அதில் அவள் எடுக்கும் ஒரு முடிவையும் அதனால் வந்த சிக்கலையும் எழுதுங்கள். எழுத முடியாத அத்தியாயம் பெரும்பாலும் தேவையில்லாத அத்தியாயம்.

பெரியவர்களை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். உடனே அப்பா அம்மாவைச் சாகடிக்க வேண்டாம். அவர்கள் நம்பாமல் போகலாம், வேறு கவலையில் மூழ்கியிருக்கலாம், சிக்கலுக்கே அவர்கள்தான் காரணமாகவும் இருக்கலாம். எதுவானாலும் சரி, கடைசி முடிச்சைப் பிள்ளைதான் அவிழ்க்க வேண்டும்.

வயதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். ‘இளையோருக்கான நாவல்’ என்று மட்டும் எழுதித் தந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆங்கிலப் பதிப்புலகில் 8 முதல் 12 வயதுவரையான வாசகர்களுக்கு ஏறக்குறைய 30,000 முதல் 50,000 சொற்கள், பதின்வயதினருக்கு 50,000 முதல் 80,000 என்று ஒரு கணக்கு உண்டு; கட்டாயம் இல்லை, ஆனால் திட்டமிட ஓர் அளவு கிடைக்கும். பிள்ளைகள் தங்களைவிட ஓரிரு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள், அதனால் 10 வயது வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் கதாநாயகிக்கு 12 இருக்கட்டும். அவள் இரவில் எவ்வளவு தூரம் தனியாகப் போகலாம், பெரியவர்கள் பேச்சில் எது அவளுக்குப் பிடிபடும், எது பிடிபடாது என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து வரும்.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் ‘புதையல் தீவு’ (Treasure Island) என்ற சிறார் நாவலை எழுதத் தொடங்கியபோது கையில் ஒரு தீவின் வரைபடம் இருந்தது, நாளுக்கு ஓர் அத்தியாயமாக 15 எழுதினார், 16ஆவதன் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார். பிறகு வேறு ஊரில் உட்கார்ந்துதான் முடித்தார். புத்தகத்தில் அந்த 16ஆவது அத்தியாயத்தில்தான் கதைசொல்லும் பொறுப்பு கதாநாயகனான சிறுவன் ஜிம்மிடமிருந்து, கதையில் வரும் டாக்டர் கைக்கு மாறுகிறது. ஜிம் அப்போது தீவில் இருக்கிறான், கப்பலில் நடப்பதை அவன் எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் கதையும் நடுவில் எங்கோ இப்படி முட்டும். முக்கியமான சம்பவம் நடக்கும்போது உங்கள் பிள்ளை அங்கே இருக்கிறாளா, இல்லையென்றால் யார் வழியாக அது வாசகருக்கு வரும் என்பதைத் திட்டத்திலேயே குறித்துவையுங்கள். இன்னொன்று, ஸ்டீவன்சன் பதிப்பாளருக்கு அனுப்பிய அந்தத் தீவு வரைபடம் போய்ச் சேரவில்லை, புத்தகம் முழுக்கத் தேடி அதற்குப் பொருந்துகிற மாதிரி வேறொன்று வரைய வேண்டியதாயிற்று. இடம், நாள், வயது இவற்றுக்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு நகலும் இருக்கட்டும்.

மாணவர்களுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. வகுப்பில் சமர்ப்பிப்பது எப்போதும் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்கள்தான், எல்லாரும் கருத்து சொல்வதும் அவற்றைப் பற்றித்தான். அதனால் அவற்றையே திரும்பத் திரும்ப இழைத்து மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள், முடிவு என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். தொடக்கத்தில் அவளால் செய்ய முடியாத எதைக் கடைசியில் அவள் செய்கிறாள்? அதற்கு விடை தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தைத் தொடுங்கள். ‘நட்பின் அருமையை உணர்த்தும் நாவல்’ போன்ற வரி திட்டத்தில் இருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் புத்திமதி வருவதைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

முதல் வரைவு தயாரானதும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், உங்கள் மனம் நோகக்கூடாது என்று நன்றாக இருக்கிறது என்பாள். உங்களை அவ்வளவாகத் தெரியாத பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்கவே வேண்டாம். எந்தப் பத்தியில் நெளிகிறார்கள், எங்கே ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள், பாதியில் நிறுத்திவிட்டு ‘அடுத்து அவள் என்ன செய்வாள்?’ என்று மட்டும் கேளுங்கள்.