108-ல் சேர என்ன படிக்கணும், அட்வான்ஸ்டு இ.எம்.டி. சர்டிபிகேட் எதற்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு

இ.எம்.டி. என்றால் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், ஆம்புலன்சில் அவசர சிகிச்சை கொடுப்பவர். "இ.எம்.டி. கோர்ஸ் எங்கே சேரலாம்?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் தெரிந்துகொள்ள நினைப்பது 108 ஆம்புலன்சில் எப்படி வேலைக்குச் சேருவது என்பதைத்தான். மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் வேலை கிடைக்கிற மாதிரி ஒரு படிப்பு வேண்டும். இரண்டுக்கும் வழி வேறு, கைக்கு வரும் பேப்பர் வேறு, அந்தப் பேப்பருக்கு வெளியே உள்ள மதிப்பும் வேறு. இதைப் பிரித்துச் சொல்லாமல்தான் சில தனியார் இன்ஸ்டிட்யூட்கள் பிழைப்பு நடத்துகின்றன.

முதலில் 108. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் வந்த சேவை. பணம் அரசுடையது, வண்டியை ஓட்டி நிர்வாகம் பண்ணுவது ஒப்பந்தப்படி இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம். ஆகவே அதில் சேருகிறவர் அந்த நிறுவனத்தின் ஊழியர், அரசு ஊழியர் இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் "கவர்மெண்ட் வேலை" என்று சொல்லி வைத்துவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்த வேலைக்கு இ.எம்.டி. சர்டிபிகேட் கேட்பதே இல்லை. அறிவிப்பில் இந்தப் பதவிக்கு 'மருத்துவ உதவியாளர்' என்று பெயர் போட்டிருக்கும். வழக்கமாக அவர்கள் கேட்கும் தகுதி பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருடம் படித்த டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ), இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், பயோ கெமிஸ்ட்ரி, மைக்ரோ பயாலஜி, பயோ டெக்னாலஜி மாதிரி உயிரியல் சார்ந்த பி.எஸ்சி. வயது 19-லிருந்து 30-க்குள். ஆண், பெண் இருவரும் போகலாம். எழுத்துத் தேர்வு, அப்புறம் உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றிக் கேள்வி கேட்கும் மருத்துவ நேர்முகம், கடைசியில் மனிதவளத் துறை நேர்முகம். அசல் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தேறியவர்களுக்கு வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என மூன்றிலும் சேர்த்து 50 நாள் பயிற்சியை அவர்களே கொடுக்கிறார்கள். வேலை 12 மணி நேர ஷிப்ட், பகலும் ராத்திரியும் மாறி மாறி வரும். சொந்த ஊர்ப் பக்கமே போஸ்டிங் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம், பாலக்கோட்டுக்காரருக்கு ராமநாதபுரமும் வரலாம்.

(டிரைவர் வேலை தனி. பத்தாவது பாஸ், 24 முதல் 35 வயது, உயரம் 162.5 செ.மீ., லைசென்சும் பேட்ஜும் எடுத்து இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற கணக்கு. அவர்களுக்குப் பயிற்சி 10 நாள்.)

ஆக, உங்களிடம் விலங்கியல் டிகிரி இருந்தால் 108-க்காக என்று ஒரு பைசா கொடுத்து இ.எம்.டி. படிக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பி, பி.எஸ்சி. முடித்தவன், "இதைப் படித்தால் நேரா 108-தான்" என்று சொன்ன ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாசம் பணம் கட்டிப் படித்தான். நேர்முகத்தில் அந்தச் சர்டிபிகேட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம், டிகிரியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த 50 நாள் பயிற்சி மறுபடி முதலிலிருந்து.

சரி, பேசிக், அட்வான்ஸ்டு என்று பிரிக்கிறார்களே, வித்தியாசம் என்ன? தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் கார் புகுந்துவிட்டது என்று வையுங்கள். வண்டியை விட்டு இறங்கும் இ.எம்.டி. முதலில் பார்ப்பது அடிபட்டவரை இல்லை, பின்னால் இறக்கத்தில் வரும் வண்டிகளை. தனக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்டே போகணும். அடுத்து கழுத்தை ஆடாமல் பிடித்து காலர் மாட்டுவது, வாயில் ரத்தமோ பல்லோ அடைத்திருந்தால் எடுத்து மூச்சுக்கு வழி விடுவது, ரத்தம் பீறிடும் இடத்தில் அழுத்திக் கட்டுவது, முதுகெலும்பு ஆடாமல் படுக்க வைக்கும் ஸ்பைன் போர்டில் உருட்டி ஏற்றுவது, ஆக்சிஜன் வைப்பது, பல்சும் பி.பி.யும் பார்த்துக்கொண்டே கன்ட்ரோல் ரூம் டாக்டரிடம் போனில் நிலைமையைச் சொல்வது. இதெல்லாம் பேசிக். இதைச் சாதாரணம் என்று நினைக்காதீர்கள், ரோட்டில் உயிர் தங்குவது பெரும்பாலும் இந்த வேலை ஒழுங்காக நடப்பதில்தான் இருக்கிறது. பிரசவமும் இதில் அடக்கம். சித்தேரியிலிருந்தோ அஞ்செட்டிக் காட்டுப் பக்கத்திலிருந்தோ வலியோடு கிளம்பினால் ஆஸ்பத்திரி வரும்வரை குழந்தை காத்திருக்காது. வண்டியை ஓரங்கட்டி, தொப்புள்கொடியில் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டி, குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் போட்டுப் போர்த்துவது வரை வண்டியிலேயே நடக்கும்.

அட்வான்ஸ்டு என்றால் இதற்கு மேல். நரம்பில் ஊசி ஏற்றி சலைன் ஓட விடுவது, டாக்டர் சொன்னபடி அவசர மருந்து போடுவது, இ.சி.ஜி. மானிட்டரில் ஓடும் கோட்டைப் பார்த்து இதயத் துடிப்பு எப்படித் தவறுகிறது என்று புரிந்துகொள்வது, ஷாக் கொடுக்கும் டிபிபிரிலேட்டரைக் கையாள்வது, சாதாரண முறையில் மூச்சு சீராகாதபோது டியூப் வைத்துக் காற்றுவழியைக் காப்பது, வெண்டிலேட்டர் போட்ட நோயாளியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது ஏ.எல்.எஸ். (அட்வான்ஸ்டு லைஃப் சப்போர்ட்) வண்டி கேட்கிறார்களே, அதில் இந்த அளவு கை பழகியவர் இருக்கணும். ஏ.எல்.எஸ். என்று வெளியே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, உள்ளே அதே பேசிக் ஆள் உட்கார்ந்திருக்கும் தனியார் வண்டிகளும் ஓடுகின்றன, அது வேறு கதை.

இந்தப் பேசிக், அட்வான்ஸ்டு என்ற பெயரில் சர்டிபிகேட் கொடுப்பது மத்திய அரசின் திறன் பயிற்சி வழி. ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் என்ற அமைப்பு இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. கோவிட் இரண்டாம் அலை ஓய்ந்த நேரத்தில், 2021 ஜூனில், பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தின் கீழ் ஆறு வகை க்ராஷ் கோர்ஸ் போட்டார்களே, எமர்ஜென்சி கேர் சப்போர்ட் என்று ஒன்று அதில் இருந்தது, அதுவும் இந்தத் திறன் பயிற்சி வழியில் வந்ததுதான். அட்வான்ஸ்டுக்கு நேராகப் போக நினைக்காதீர்கள். பேசிக் முடித்து கொஞ்ச நாள் வண்டியில் ஓடியவருக்குத்தான் அது உடம்பில் ஒட்டும். இந்தச் சர்டிபிகேட் தனியார் ஆம்புலன்ஸ், கார்ப்பரேட் ஆஸ்பத்திரி, தொழிற்சாலை மருத்துவ அறை மாதிரி இடங்களில் உதவும். ஓசூர் சிப்காட் பக்கம் பெரிய கம்பெனிகளில் ஆம்புலன்ஸ் ரூம் உண்டு, அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

இதற்கு அப்புறம் மாநில அரசு வழி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வருட பாராமெடிக்கல் சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன. எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் அவற்றில் ஒன்று. தருமபுரியில் மருத்துவக் கல்லூரி 2008-லேயே வந்துவிட்டது, கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் திறந்த பதினொன்றில் ஒன்று கிடைத்தது. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எத்தனை சீட் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் அறிவிப்பு வந்ததும் கல்லூரி அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய நோட்டீசை நம்பிக் கிளம்பாதீர்கள். டிகிரியாகவே வேண்டும் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்கணும். அரசு ஒதுக்கீட்டுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது.

நான் டிகிரியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கு என்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் போட்டது, என்.சி.ஏ.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டாக்டருக்கும் நர்சுக்கும் கவுன்சில் இருக்கிற மாதிரி லேப், டயாலிசிஸ், பிசியோதெரபி, ஆப்பரேஷன் தியேட்டர் ஆட்களுக்கும் கவுன்சிலும் பதிவேடும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அட்டவணையில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட், அட்வான்ஸ் கேர் பாராமெடிக் இரண்டு பெயரும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டம் துணை மருத்துவப் பணியாளர் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடத்தில் பரவிய டிப்ளமோ அல்லது டிகிரி முடித்தவரை. சட்டம் ஹெல்த்கேர் புரொஃபஷனல் என்று சொல்லும் அடுத்த படிக்கு 3,600 மணி நேரம், டிகிரி. மூன்று மாசமோ ஆறு மாசமோ படித்த பேப்பர் இந்தக் கணக்குக்குள் வராது, ஒரு வருடச் சான்றிதழும் சட்டத்தில் சொன்ன அளவைத் தொடாது. உடனே வேலை வேண்டும், வீட்டு நிலைமை அப்படி என்றால் சின்னக் கோர்ஸ் படிப்பதில் தப்பில்லை. பதிவு, பதவி உயர்வு, மேல்படிப்பு என்று பார்க்கிறவர் மட்டும் நீண்ட வழியில் போகட்டும்.

இன்னொரு குழப்பம் இணையத்தில் தேடுகிறவர்களுக்கு வருவது. அட்வான்ஸ்டு இ.எம்.டி. என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க விவரம். அங்கே இ.எம்.டி.க்கு மேலே, பாராமெடிக்குக்குக் கீழே ஒரு படி அது. தேசியப் பதிவு அமைப்பின் தேர்வு எழுதணும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், அப்புறம் அந்தந்த மாநில லைசென்ஸ் தனி. அந்த விதி எதுவும் இங்கே செல்லாது, இங்கே அந்தப் பெயரில் வாங்கும் பேப்பர் அங்கேயும் செல்லாது. "இன்டர்நேஷனல் சர்டிபிகேட்" என்று யாராவது சொன்னால் எந்த நாட்டின் எந்த அமைப்பு என்று பெயரைக் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (பேசிக் லைஃப் சப்போர்ட்), ஏ.சி.எல்.எஸ். (அட்வான்ஸ்டு கார்டியோவாஸ்குலர் லைஃப் சப்போர்ட்) அட்டைகள் நிஜமானவை, ஆஸ்பத்திரிகள் மதிப்பவை. ஆனால் அவை சில நாள் பயிற்சிக்கான அட்டை, இரண்டு வருடத்தில் காலாவதி ஆகும், தனியாக ஒரு தகுதி ஆகாது.

பணம் கட்டுமுன் இன்ஸ்டிட்யூட்டில் கேட்க வேண்டியது: சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது யார், பல்கலைக்கழகமா, ஸ்கில் கவுன்சிலா, அவர்களே அச்சடித்துக் கொள்கிறார்களா? ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம், அந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தக் கடிதம் இருக்கிறதா? ஸ்கில் கவுன்சில் பெயரைச் சொன்னால் பழைய மாணவர் ஒருவரின் சர்டிபிகேட்டை வாங்கி அதிலுள்ள க்யூ.ஆர். கோடை உங்கள் போனிலேயே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரில் படிக்கப் போகிறார்கள், தாராளமாகப் போகலாம். அங்கே டிகிரி என்றால் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே கல்லூரிப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்கள்.