கப்பல் டூருக்குக் கடன் வாங்கிக் கோட் தைக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் இருக்கும் மகள், குடும்பத்தோடு கப்பலில் நான்கு இரவு போய்வர டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் கையில் இருந்த பையில் கறுப்பு சூட்டிங் துணி மூன்று செட். அவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. பத்து நாளில் வேண்டும், உள்ளே போடுகிற வெயிஸ்ட்கோட்டும் சேர்த்து வேண்டும் என்றார். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டேன்.

"கோட்டு இல்லாம போனா ராத்திரி சாப்பாட்டுக்கே உள்ள விட மாட்டாங்களாம் தம்பி."

துணி வாங்கிய பணம் வீட்டம்மாவின் வளையலை அடகு வைத்து வந்தது என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் கோட் சூட் தைப்பதுதான் என் தொழில். மூன்று சூட் ஆர்டர் என்றால் எனக்கு நல்ல வரும்படி. ஆனாலும் அளவு நாடாவை எடுக்க மனசு வரவில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து இதே கதையோடு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் இங்கிருந்தே ஏறுகிறார்கள், சிலர் சிங்கப்பூர் போய் ஏறுகிறார்கள். பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். யாரோ சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் வந்தது, டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளில் 'ஃபார்மல்', அதாவது விருந்து உடை என்று போட்டிருந்தது. உடனே கடன்.

அவருடைய போனையே வாங்கிப் பார்த்தேன். டிராவல்ஸ்காரர் அனுப்பிய தாள் அதில் இருந்தது. நான்கு இரவில் ஒரே ஒரு இரவுக்கு நேராகத்தான் 'ஃபார்மல்' என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், கோட் போடுவது அவரவர் விருப்பம் என்றும் இருந்தது. அந்த வரியை வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

கப்பலில் இருக்கும் எல்லா ராத்திரியும் விருந்து உடையில் இருக்க வேண்டும் என்பது முதல் தப்பு. பொதுவாக 3 முதல் 5 இரவு வரை போகும் பயணத்தில் அப்படி ஒரு இரவுதான் வரும். 7 இரவு என்றால் இரண்டு. மீதி ராத்திரிக்கெல்லாம் காலர் வைத்த சட்டை, நல்ல பேண்ட் போதும். பெண்களுக்குச் சுடிதார், புடவை, எது வசதியோ அது. பகலில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

அந்த ஒரு இரவும் கட்டாயம் என்பது இரண்டாவது தப்பு. என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான். கப்பலில் சாப்பிட ஒரே ஒரு ஹால் இல்லை. பெரிய டைனிங் ஹால் என்று ஒன்று இருக்கும், உடை விதியெல்லாம் பெரும்பாலும் அதற்கும், தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற சில ஓட்டல்களுக்கும்தான். மேல் தளத்தில் பஃபே இருக்கும். அங்கே விருந்து இரவிலும் சாதாரண சட்டை பேண்டில் போய் வயிறாரச் சாப்பிடலாம். அதற்குத் தனிக் காசு கிடையாது, டிக்கெட்டிலேயே அடங்கியது. கோட் இல்லாதவனைப் பட்டினி போடுகிற கப்பல் எதுவும் கிடையாது. இதை எழுதி வீட்டுக் கதவில் ஒட்டினாலும் நல்லது.

டைனிங் ஹாலில் உண்மையாகவே யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள்? நீச்சல் உடையோடு வருகிறவர்களை, கை இல்லாத பனியன் போட்ட ஆண்களை, வெறுங்காலோடு வருகிறவர்களை. அரை டிராயர் பல கப்பல்களில் ராத்திரி சாப்பாட்டுக்கு ஆகாது, தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள். இந்தப் பட்டியலில் 'கோட் இல்லாதவர்' எங்கே இருக்கிறார்?

கண்டிப்பான கப்பல்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. குனார்டு கம்பெனியின் குவீன் மேரி 2 மாதிரிக் கப்பலில் காலா இரவு, அதாவது பெரிய விருந்து இரவு என்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஆண்கள் டக்ஸிடோவோ (போ டையோடு போடுகிற விருந்து சூட்), அடர் நிற சூட்டும் டையுமோ போட்டுத்தான் முக்கியமான இடங்களில் நடமாட வேண்டும். அங்கேயும் வேண்டாம் என்றால் பஃபே பக்கம் போய்விடலாம். இன்னொரு பக்கம் நார்வீஜியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கட்டாய விருந்து உடை இரவு என்று ஒன்றே கிடையாது. செலிப்ரிட்டி கம்பெனி பழைய ஃபார்மல் இரவையே எடுத்துவிட்டு 'ஈவினிங் ஷிக்' என்று தளர்த்திவிட்டது, அதில் கோட் விருப்பம்தான். ராயல் கரீபியன், பிரின்சஸ் இரண்டும் நடுவில். இப்படிக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்போது, பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஏதோ கப்பலில் போய்வந்து சொன்னதை வைத்து வளையலை அடகுக் கடைக்கு எடுத்துப் போகலாமா? உங்கள் கப்பல் கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்தில் உடை பற்றித் தனியாகப் போட்டிருப்பார்கள். அதைப் படியுங்கள். படிக்க வராவிட்டால் டிக்கெட் போட்டுக் கொடுத்த பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது தப்புதான் என்னை ரொம்ப நோகடிப்பது. நம்ம ஊர் உடை அங்கே எடுபடாது என்கிற நினைப்பு.

ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள், மகளும் கூட. மகளுக்குக் கவுன் வாங்கியாகிவிட்டது, அம்மாவுக்கும் ஒன்று வாங்கி அதை ஆல்டர் பண்ண வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், வாழ்நாளில் கவுன் போட்டதில்லை. போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டு கையும் தன்னால் முந்தானையைத் தேடித் தேடிக் கீழே வந்தன. "அங்க புடவை கட்டினா ஒரு மாதிரி பாப்பாங்கம்மா" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பட்டுப்புடவையை விடப் பெரிய விருந்து உடை எந்த ஊரிலும் கிடையாது, இதைத் துணியிலேயே வாழ்கிற ஆள் சொல்கிறேன். மிகவும் கண்டிப்பான குனார்டு விதியிலேயே அவரவர் நாட்டு விசேஷ உடையை ஏற்றுக்கொள்வதாக இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரி இருக்கும் கட்டம் போட்ட கில்ட்டோடு அதே ஹாலுக்குள் வருகிறார். உங்கள் அம்மா காஞ்சிப்பட்டில் வரக்கூடாதா? ஆண்களுக்கு ஷெர்வானி, கழுத்து மூடிய பந்த்கலா கோட் இரண்டும் தாராளமாகப் போகும். பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், காலில் நல்ல செருப்பு என்று போனால் அதுவும் நம் விசேஷ உடைதான். சந்தேகமாக இருந்தால் கம்பெனிக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், வாசலில் நின்று வாதாடாதீர்கள். லுங்கியும் வேட்டியும் ஒன்று என்று நினைத்து லுங்கியில் போய் நிற்காதீர்கள்.

2014இல் இதே சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கிளப்புக்குள் விடவில்லை. அந்த வருடமே சட்டமன்றத்தில் சட்டம் போட்டு அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கினார்கள். அந்தச் சட்டம் நடுக்கடலில் செல்லாது, அது தெரியும். நம் ஊர் கிளப்பில் வேட்டிக்காகச் சட்டமே போட்டுக்கொண்ட நாம், அங்கே யாரும் தடுக்காதபோது நாமே வேட்டியைப் பெட்டியில் வைக்காமல் விட்டுவிட்டுப் போகிறோமே, அதுதான் வருத்தம்.

அந்த அம்மாவின் கவுனை நான் ஆல்டர் பண்ணித் தரவில்லை. புடவைக்கு இரண்டு பிளவுஸ் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள் என்று தெருவில் இருக்கும் லேடீஸ் டெய்லரிடம் அனுப்பினேன்.

கோட்தான் வேண்டும், ஆசையாக இருக்கிறது என்றால் அதில் தப்பே இல்லை. கப்பல் போட்டோகிராபர் அன்றைக்கு மாடிப்படியில் நிற்க வைத்துப் படம் எடுப்பார், குடும்பத்தோடு நல்ல படமாக அமையும். படத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை, விலையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். ஆனால் புதிதாகத் தைக்கும் முன்னால் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். வட சென்னையில் கல்யாண ரிசப்ஷனுக்குக் கோட் போடாத மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒரு ராத்திரி போட்ட அந்தக் கோட் அப்படியே கவரோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

தண்டையார்பேட்டைக்காரரிடமும் இதைத்தான் கேட்டேன். மறுநாள் மகனுடைய ரிசப்ஷன் கோட்டை எடுத்து வந்தார். அந்துருண்டை வாசனை கடை முழுக்க அடித்தது. கோட்டைத் திருப்பி மேஜையில் போட்டு, லைனிங்கை ஓரமாகப் பிரித்து உள்ளே காட்டினேன். நடு முதுகுத் தையலில் மார்ஜின் துணி மடிந்து கிடந்தது, பக்கத் தையலிலும் இருந்தது. நல்ல மாஸ்டர் யாராக இருந்தாலும் இப்படி விட்டுத்தான் தைப்பார். பழைய தையலைப் பிரித்து விரித்தால் கோட்டில் ஒரு இன்ச் முதல் ஒன்றரை இன்ச் வரை கிடைக்கும், பேண்ட் இடுப்பில் இரண்டு இன்ச்கூடச் சில சமயம் கிடைக்கும். ஆல்டரேஷன் கூலி, புது சூட் தைக்கிற கூலியில் ஒரு துளிதான். தோள்பட்டை சரியில்லை என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். தோளைப் பிரித்துத் தைப்பது புதுக் கோட் தைக்கிற வேலை, காசும் போகும், கோட்டும் போகும். ரெடிமேட் கோட் வாங்குகிறவர்களும் தோளை முதலில் பாருங்கள், வயிற்றுச் சுற்றளவை அப்புறம் பார்க்கலாம்.

மகன் கோட் அப்படிச் சரியானது. மருமகன் தன் கோட்டைத் தானே கொண்டுவந்தார். தண்டையார்பேட்டைக்காரருக்குப் பட்டு வேட்டி என்று முடிவானது. துணி வாங்கிய கடையில் பில்லைக் காட்டிக் கெஞ்சி, இரண்டு செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம், புதிதாகத் தைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் வாருங்கள். ட்ரையல் பார்க்காமல் கோட் வாங்கிப் போகாதீர்கள். பத்து நாளில் மூன்று சூட் தைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கோட்டின் மார்புக்குள் விறைப்பாக நிற்க வைத்துத் தைக்கிற கேன்வாஸ் துணி வைக்காமல் பசை ஒட்டித் தருகிறார் என்று அர்த்தம், இரண்டு டிரைகிளீனிங்கில் மார்புப் பக்கம் கொப்பளித்துவிடும். துணி டெர்ரி உல், அதாவது பாலியஸ்டரும் கம்பளியும் கலந்தது எடுங்கள். லினன் எடுக்காதீர்கள், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கசங்கித்தான் இருக்கும். கறுப்பை விட நேவி புளூ நல்லது, ஊருக்கு வந்தபிறகு இன்னும் நாலு விசேஷத்துக்குப் போடலாம்.

கசங்கினால் தேய்த்துக்கொள்ளலாம் என்று அயர்ன்பாக்ஸை எடுத்துப் போகாதீர்கள். தீ பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அயர்ன்பாக்ஸுக்கும் துணிச் சுருக்கம் எடுக்கிற ஸ்டீமருக்கும் தடை, ஏறும்போதே பிடுங்கி வைத்துவிட்டு இறங்கும்போதுதான் தருவார்கள். சில கப்பல்களில் பொது லாண்டரி அறையில் அயர்ன்பாக்ஸ் இருக்கும், மற்றவற்றில் காசு கொடுத்துத் தேய்த்து வாங்க வேண்டும். நான் சொல்லும் வழி எளிது. கோட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தோளுக்குள் தோளை நுழைத்து மடித்து, பெட்டியில் மேலாக வையுங்கள். அறைக்குப் போனதும் ஹேங்கரில் மாட்டி, பாத்ரூமில் வெந்நீர் திறந்து கதவைச் சாத்திவிடுங்கள். ஆவியிலேயே பாதிச் சுருக்கம் போய்விடும். கனமான ஜரிகைப் பட்டை விட மைசூர் சில்க் மாதிரி மெல்லிய பட்டு கப்பலுக்கு வசதி, மடிப்புக் கோடு விழாது, பெட்டி எடையும் குறையும்.

புது ஷூவைக் கப்பலில் முதல்முறையாகப் போடாதீர்கள், தயவுசெய்து. வீட்டிலேயே நாலு நாள் போட்டு நடந்து பழகுங்கள். தரை லேசாக ஆடும், உயரமான ஹீல்ஸ் வேண்டாம். டைனிங் ஹாலில் ஏசி குளிரும், வயதானவர்களுக்கு ஒரு சால்வை கட்டாயம். டெக்கில் காற்று பலமாக அடிக்கும், முந்தானைக்குக் கூடுதலாக இரண்டு பின் குத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர ராத்திரி ஆகலாம். அதனால்தான் முதல் ராத்திரியில் விருந்து உடை வைக்க மாட்டார்கள். மாத்திரை, பாஸ்போர்ட், அன்றைய சாயங்காலத்துக்கு ஒரு மாற்று உடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கடைசி ராத்திரியும் இதே மாதிரிதான். பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், அவர்களே எடுத்துப் போய்விடுவார்கள், கரையில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் காலையில் இறங்கப் போட வேண்டிய சட்டை, பேண்ட், உள்ளாடை, செருப்பு எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள்.